மூன்றாவது மிட்டாய்

"தின்னுட்டேன்" என்றான் கோச் ஓர்வல் செட்லாக்.

சாப்பாட்டுக் கடையில் முப்பது பேர் இருந்தார்கள். ஒருத்தர் கையில் இருந்த முள்கரண்டிகூட அசையவில்லை.

வெசலியில் இது ஒரு வழக்கம். பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற அமெரிக்க ஃபுட்பால் பருவம் முடியும்வரை, திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்குப் பள்ளிக்கூட அணியின் கோச் அந்தக் கடைக்கு வந்து நிற்க வேண்டும். ஊர் உட்கார்ந்துகொண்டு கேள்வி கேட்கும். ஜெயித்தாலும் நிற்க வேண்டும், தோற்றாலும் நிற்க வேண்டும். நாற்பது வருஷத்தில் எந்தக் கோச்சும் அந்தக் கடையில் திங்கட்கிழமை உட்கார்ந்ததில்லை. நெப்ராஸ்காவின் சோளக்காட்டு நடுவே எழுநூறு பேர் இருக்கும் ஊர் அது. பதினோரு பையன்களைத் திரட்ட ஆள் கிடையாது, எட்டுப் பேர் அணிதான். ஆனால் கேள்வி கேட்க மட்டும் எந்த வாரமும் ஆள் பஞ்சம் வந்ததே இல்லை.

போன வருஷம் நவம்பரில் நடந்தது அது. அதற்கு முந்தின சனிக்கிழமை, காலிறுதியில், பக்கத்து கேரிக் ஊரிடம் வெசலி நாலு புள்ளியில் தோற்றிருந்தது. கடைசி ஒன்பது நொடி. பந்து வெசலி கையில். கோட்டுக்கு ஆறே கஜம். பந்தோடு அந்தக் கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி, ஆட்டம் முடிந்தது. ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. டைம் அவுட் கேட்டு அதை நிறுத்தியிருந்தால் பையன்கள் மூச்சு வாங்கி, ஆற அமர நின்று ஆடியிருப்பார்கள். ஓர்வல் கேட்கவில்லை. அவர்கள் அடித்துப் பிடித்து ஓடிவந்து வரிசையில் நிற்பதற்குள் நேரம் தீர்ந்துபோனது. அப்புறம்தான் நடுவர் வந்து, பாவம் நல்ல மனசோடுதான், கேட்டார்: "ஏன் கோச், உங்ககிட்ட இன்னும் ஒண்ணு பாக்கி இருந்துதே?"

அந்தக் கேள்வியைத்தான் திங்கட்கிழமை லெனர்ட் குசேரா திரும்பக் கேட்டார். ஊர் விளையாட்டுக் கமிட்டியின் தலைவர் அவர். ஓர்வலோடு ஒரே வகுப்பில் படித்தவர், ஒரே அணியில் இருந்தவர்.

"பாக்கி ஒண்ணு இருந்துது. உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியாது."

"எப்படிய்யா தெரியாமப் போகும்? மூணு தர்றாங்க. மூணு வரைக்கும் எண்ணத் தெரியாதா உனக்கு?"

அப்போதுதான் ஓர்வல் உள்ளதைச் சொன்னான். பாதி ஆட்டத்துக்கு மூன்று டைம் அவுட். அவன் இடது பாக்கெட்டில் மூன்று பட்டர்ஸ்காட்ச் மிட்டாய் வைத்துக்கொள்வான். ஒரு டைம் அவுட் கேட்டால் ஒரு மிட்டாயைப் பிரித்து வாயில் போடுவான். பாக்கெட் காலியானால் டைம் அவுட் தீர்ந்தது என்று கணக்கு. பதினாறு வருஷமாக அந்தக் கணக்கு தப்பியதில்லை. அன்றைக்குப் பதற்றத்தில், தன்னை அறியாமலே, ஒன்றை வாயில் போட்டுவிட்டான்.

"தின்னுட்டேன். கை தடவிப் பார்த்தேன். பாக்கெட்ல ஒண்ணும் இல்ல. தீர்ந்துபோச்சுன்னு நினைச்சேன்."

கடையின் பின்சுவர் ஓரமாகக் காபிக் கோப்பையோடு நின்றிருந்தாள் அவன் மனைவி ஜனெல். அவளுக்கு முகம் காது எல்லாம் எரிந்தது. அட மனுஷா! சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். கேரிக் மைதானத்துக் கடிகாரத்தின் மேல் பழி போட்டிருக்கலாம். எத்தனை கோச் அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்! இவன் மட்டும் முப்பது பேர் முன்னால் நின்று, மிட்டாய் தின்றேன் என்கிறான். மானம் கப்பலேறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் அவள் தலை குனியவில்லை. பொய் சொல்லத் தெரியாத ஒருத்தனைத்தான் கட்டியிருக்கிறோம் என்று நெஞ்சுக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஓர்வல் இன்னொன்றும் சொன்னான். "இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா, நீங்க யாரும் என்னைப் போகச் சொல்ல வேண்டாம். விசிலை நானே கழட்டி இந்த மேஜை மேல வெச்சுட்டுப் போயிடுவேன்."

வாய் தவறிச் சொன்னதில்லை அது. ஓர்வல் சொன்னால் செய்வான். அது ஊருக்கும் தெரியும்.

வெறும் வாயை மெல்கிற ஊருக்கு அவல் கிடைத்தால் கேட்க வேண்டுமா? ஜனெல் ஊர்த் தபால் நிலையத்தில் வேலை செய்தாள். ஊரில் எல்லாரும் தினம் ஒருமுறையாவது அவள் ஜன்னல் முன்னால் வந்து நிற்க வேண்டும். டிராக்டர் சாமான் கடை மைலோ பெனஷ்தான் ஆரம்பித்துவைத்தான். தபால்தலை வாங்கிக்கொண்டு, ஒரு பட்டர்ஸ்காட்ச் மிட்டாயை ஜன்னல் பலகையில் வைத்தான்.

"இதை கோச்சுகிட்ட குடு ஜனெல். கையில ஒண்ணு கூடுதலா இருக்கட்டும். எல்லாருக்கும் கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாது. உன் புருஷனுக்கு மட்டும் வாய்க்கு எட்டிட்டுது!"

"குடுக்கிறேன் மைலோ. உன் கடையில வாங்கின பெல்ட் ரெண்டே மாசத்துல அறுந்துடுச்சாம், அதையும் சேர்த்துக் குடுத்துடவா?" என்றாள் ஜனெல். மைலோ சிரித்துக்கொண்டே போனான்.

அப்புறம் ஊரே ஆரம்பித்தது. மின்கட்டணக் கடிதத்தை வாங்க வந்தவர், பார்சல் அனுப்ப வந்தவர், பாதிரியார்கூட! ஆளுக்கு ஒரு மிட்டாய். ஜனெல் ஒன்றையும் தூக்கிப் போடவில்லை, ஒன்றையும் தின்னவில்லை. ஒரு பெரிய ஊறுகாய் ஜாடியில் போட்டு அலமாரியில் வைத்தாள். கோடைக்குள் ஜாடி கழுத்துவரை நிரம்பிவிட்டது. ஓர்வல் அதைப் பார்த்துக்கொண்டே கடந்துபோவான்.

அவன் வேறு வேலையில் இருந்தான். குளிர்காலம் முழுக்க சமையலறை மேஜையில் பழைய ஆட்டங்களின் படத்தைப் போட்டுப் பார்த்தான். ஜனெல் நிறுத்துக்கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நொடியைச் சொல்லுவாள். அவன் நோட்டில் எழுதுவான். கடைசி ரெண்டு நிமிஷம், மறுபடியும் கடைசி ரெண்டு நிமிஷம், இதே வேலை. ஒரு நாள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்:

"இங்க பாரு. நாம ரெண்டு புள்ளி முன்னால இருக்கோம். பந்து அவங்ககிட்ட. நம்ம கோட்டுக்குப் பக்கத்துல வந்துட்டாங்க. கடைசி நிமிஷம். என்ன பண்ணுவ?"

"தடுப்பேன்."

"தடு. ஒவ்வொரு தடவை தடுக்கும்போதும் நாப்பது நொடி ஓடிப்போகும். கடைசியில அவங்க ஆள் ஒருத்தன் பந்தைக் கம்பத்துக்கு நடுவுல உதைச்சு மூணு புள்ளி வாங்கிடுவான். நமக்கு ஆட நேரமே இருக்காது. அங்க நேரம் அவங்க கையில இருக்கு. அதை வாங்கணும்னா எதையாவது குடுத்துத்தான் வாங்கணும்."

"எதைக் குடுப்ப?"

"கோட்டை. ஆறு புள்ளியை. உள்ள போங்கடான்னு விட்டுடறது. புள்ளி எடுத்ததும் அவங்க பந்தை நமக்கு உதைச்சுத் தந்தாகணும். அப்புறம் மிச்ச நேரம் பூரா நமக்கு."

ஜனெல் நிறுத்துக்கடிகாரத்தை மேஜையில் வைத்தாள். "லெனர்ட் உன்னை உயிரோட புதைச்சுடுவார்."

"தெரியும்" என்றான்.

வெசலியின் தண்ணீர்த் தொட்டியில் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கிறது: இந்த வழி கிடையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டில் இதே கேரிக் அணி ஒரே ஒரு கஜத்திலிருந்து நாலு தடவை மோதியது. எட்டுப் பையன்கள் நாலு தடவையும் தடுத்தார்கள். நடுவில் நின்றவர் லெனர்ட் குசேரா. மூக்கு உடைந்தது, கோடு உடையவில்லை என்று இன்றைக்கும் ஊர் சொல்லும். அதற்கப்புறம் கோட்டை விட்டுக்கொடுப்பது என்பது வெசலியில் சொல்லக்கூடாத வார்த்தை. அன்றைக்கு ஓர்வல் அந்த எட்டில் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவன். அதையும் ஊர் மறக்கவில்லை. இப்போது அதே நடு இடத்தில் நின்றவன் லெனர்டின் மகன் வெண்டெல். பதினேழு வயசு, கதவு மாதிரி உடம்பு.

இலையுதிர் காலம் வந்தது. தபால் ஜன்னலில் அம்மாக்கள் புகார் சொன்னார்கள்.

"செவ்வாய்க்கிழமை ஆனா என் பையன் சாப்பாட்டுத் தட்டுலயே தலையை வெச்சுத் தூங்குறான், ஜனெல். என்னதான் பண்றார் உங்க வீட்டுக்காரர்?"

"ஓட விடுறார்" என்றாள். "விழுந்தா எழுந்து ஓடு, வரிசையில நில்லு, பந்தை எடு, மறுபடி ஓடு. நடுவுல நிக்கவே கூடாதாம்."

"கிறுக்குப் பிடிச்சுடுச்சா அவருக்கு?"

"போன நவம்பர்லேருந்து" என்றாள் ஜனெல்.

*

இந்த வருஷமும் காலிறுதி, இந்த வருஷமும் கேரிக். ஆனால் இந்தத் தடவை ஆட்டம் வெசலியில். சனிக்கிழமை பகல் ரெண்டு மணிக்கு, காது அறுந்துவிடும் போலிருந்த காற்றில், ஊர் முழுக்க மைதானத்துப் படிக்கட்டுகளில் வந்து குந்தியது. ஜனெலுக்குப் பின்னால் லெனர்ட். அவருக்குப் பக்கத்தில் மைலோ. வேறு இடமே கிடைக்காத மாதிரி அங்கேதான் வந்து உட்கார்ந்தான்.

மூன்று மணி நேரமாக யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசிக் கால்பாகத்தில் வெசலி முப்பது, கேரிக் இருபத்தெட்டு. ஓர்வல் ஒரு டைம் அவுட் எடுத்திருந்தான், ஒரு மிட்டாய் போயிருந்தது. ஜனெல் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. அவன் இடது கையைத்தான் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேரிக் பந்தோடு கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறியது. அவசரமே இல்லை அவர்களுக்கு. வெசலி கோட்டுக்கு நாலு கஜத்தில் வந்து நின்றார்கள். ஸ்கோர் பலகையில் ஒரு நிமிஷம் இருபது நொடி, ஓடிக்கொண்டிருக்கிறது. அவர்களுக்கு நாலு தடவை மோத உரிமை. எல்லாவற்றுக்கும் மேலே, வருஷம் முழுக்க இந்தத் தூரத்தில் ஒரு உதையும் தப்பாத பையன் ஒருத்தன் ஓரத்தில் காலை ஆட்டிக்கொண்டு நிற்கிறான்.

ஜனெல் அப்போதுதான் பலகையைப் பார்த்தாள். சமையலறை மேஜை! நோட்டில் எழுதின அதே இடம்!

"தடுங்கடா!" என்று எழுந்து கத்தினார் லெனர்ட். படிக்கட்டு முழுக்க எழுந்தது. "இந்த வழி! கிடையாது! இந்த வழி! கிடையாது!"

ஓர்வல் ரெண்டு கையையும் சேர்த்து டைம் அவுட் காட்டினான். கடிகாரம் ஒரு நிமிஷம் பதினாலில் நின்றது. இடது பாக்கெட்டிலிருந்து மிட்டாய் ஒன்றை எடுத்தான், பிரித்தான், வாயில் போட்டான். ரெண்டு, என்று எண்ணினாள் ஜனெல். இன்னும் ஒன்று.

பையன்கள் அவனைச் சுற்றி நின்றார்கள். அவன் பேசினான். என்ன பேசினான் என்று படிக்கட்டுக்குக் கேட்கவில்லை. ஆனால் வெண்டெல் தலையை ஆட்டியது தெரிந்தது. முடியாது, முடியாது என்று ஆட்டினான். திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தான், அப்பாவைத் தேடினான். ஓர்வல் அவன் ஹெல்மெட்டின் முன்கம்பியைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, இன்னும் ஏதோ சொன்னான். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெரிய ஹெல்மெட் மேலும் கீழும் ஒருமுறை ஆடியது.

விசில் அடித்தது. கேரிக் ஓட்டக்காரன் பந்தை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்து நடுவில் பாய்ந்தான். வெண்டெல் வழுக்கினான். இடப்பக்கம் ஒருத்தன் விழுந்தான், வலப்பக்கம் ஒருத்தன் தடுமாறினான். கதவு அகலத் திறந்தது. அந்தப் பையன் மோதுவதற்கு ஆளே இல்லாமல் கோட்டை நோக்கி ஓடினான். எதிர்ப்பக்கத்தில் கேரிக் கோச்சுக்குத்தான் முதலில் விளங்கியது. தொப்பியை எறிந்துவிட்டுக் கத்தினார்: "விழுடா! உள்ள போகாத! விழுந்து தொலைடா!"

யார் காதில் விழும்? பையன் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தலைக்கு மேல் தூக்கி ஆடிக்கொண்டிருந்தான். கேரிக் முப்பத்துநாலு, வெசலி முப்பது. பலகையில் ஒரு நிமிஷம் பத்து நொடி.

 படிக்கட்டு வெடித்தது.

"வித்துட்டான்!" என்று அலறினான் மைலோ. "ஆட்டத்தையே வித்துட்டான்! டைம் அவுட் கேட்டு, கூப்பிட்டு உக்கார வெச்சு, கதவைத் திறந்து விடச் சொல்லியிருக்கான்! போன வருஷம் தின்னான், இந்த வருஷம் ஊட்டி விடுறான்!"

லெனர்ட் கத்தவில்லை. அதுதான் மோசம். உடைந்து கோணிப்போன அந்த மூக்கோடு, வெளிறிப்போய் நின்றார். "வெண்டெல் வழி விட்டான்" என்றார். "என் பையன். தெரிஞ்சே வழி விட்டான்."

ஜனெல் திரும்பினாள். 

"உக்காருங்க லெனர்ட். அங்க பலகையைப் பாருங்க. ஒரு நிமிஷம் பத்து நொடி இருக்கு. அந்த நேரம் நம்மகிட்ட இருந்ததே இல்ல. அதை உங்க பையன்தான் வாங்கிக் குடுத்திருக்கான். எதைக் குடுத்து வாங்கினான்னு உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்?"

லெனர்ட் அவளைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். உட்காரவில்லை. 

கோட்டைத் தாண்டிய அணிக்கு மூன்று கஜத்திலிருந்து இன்னொரு மோதல் உண்டு. அதிலும் தாண்டினால் ரெண்டு புள்ளி கூடும், முப்பத்தாறு ஆகிவிடும். அப்புறம் வெசலி கோட்டைத் தாண்டினாலும் சமன்தான், ஜெயிக்க அந்த இன்னொரு மோதலிலும் தாண்டியாக வேண்டும். கேரிக் அதே ஓட்டக்காரனிடமே பந்தைக் கொடுத்தது. கதவு திறந்திருக்கிறது என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. அவன் மறுபடி நடுவில் பாய்ந்தான். இந்தத் தடவை வெண்டெல் வழுக்கவில்லை. இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். அந்தப் பையன் வந்த வழியே ரெண்டு கஜம் பின்னால் போய் மல்லாந்தான். அவன் மேல் வெண்டெல், வெண்டெல் மேல் இன்னும் மூன்று பேர்.

ஓர்வல் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னது என்ன என்று அப்புறம் வெண்டெலே எல்லாரிடமும் சொன்னான்: "இப்போ திற. அடுத்தது சாத்து. உங்கப்பாகிட்ட சாத்துன்னு மட்டும்தான் சொன்னாங்கடா. உன்கிட்டதான் ரெண்டையும் கேக்கிறேன்."

லெனர்ட் அப்போதுதான் உட்கார்ந்தார்.

இனி ஒரு நிமிஷம் பத்து நொடி, ஐம்பத்தைந்து கஜம், ஒரு மிட்டாய். கோட்டைத் தாண்டினால் ஜெயம், இல்லாவிட்டால் திங்கட்கிழமை மேஜை மேல் விசில். பந்து வீசும் பையன் கோல்பி நோவாக் ஓரமாக ஒன்று வீசினான். பிடித்தவன் வெளிக்கோட்டைத் தாண்டி விழுந்தான், கடிகாரம் நின்றது. மறுபடி ஓரமாக ஒன்று, மறுபடி நின்றது. ஒன்று தரையில் விழுந்து வீணானது. இன்னொன்று ஓரத்தில் பதினெட்டு கஜம். கோட்டுக்குப் பதினாலு கஜம், இருபத்துநாலு நொடி.

கோல்பி நடுவில் வீசினான். பிடித்தவனைக் கேரிக் பையன்கள் ரெண்டு பேர் கட்டிப்பிடித்து வீழ்த்தினார்கள். மைதானத்தின் நடு மத்தியில். கோட்டுக்கு ஆறு கஜம். பத்து கஜம் தேறினால் கடிகாரம் கொஞ்சம் நிற்கும், தேறியது எட்டுதான், அதனால் நிற்காது. பதினேழு. பதினாறு.

அதே ஆறு கஜம்!

"டைம் அவுட்!" என்று ஊரே ஒரே குரலில் கத்தியது. "டைம் அவுட், ஓர்வல்! டைம் அவுட் கேளு!"

பதினஞ்சு. பதினாலு.

ஓர்வல் அசையவில்லை. கைகள் ரெண்டும் பக்கவாட்டில் தொங்கின. ஜனெல் அவன் முகத்தைப் பார்த்தாள்.  அவன் தாடை அசைந்துகொண்டிருந்தது. மென்றுகொண்டிருந்தான். ரெண்டாவது மிட்டாயை வாயில் போட்டுக் கால் மணி நேரம் ஆகியிருக்கும், அது கரைந்து எவ்வளவோ நேரம் ஆகியிருக்க வேண்டும். அப்படியானால் இப்போது வாயில் இருப்பது என்ன?

ஐயோ, தின்றுவிட்டான். மறுபடியும் தின்றுவிட்டான்!

"பாக்கி ஒண்ணு இருக்கு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். "ஓர்வல்! ஒண்ணு இருக்கு! ஒண்ணு இருக்குடா!" அந்தக் காற்றிலும் இரைச்சலிலும் அது அவள் காதிலேயே விழவில்லை.

பதிமூணு. பன்னெண்டு.

அப்புறம்தான் அவள் பையன்களைப் பார்த்தாள். வெசலிப் பையன் ஒருத்தன்கூட ஓரத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. விழுந்தவன் எழுந்து பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டு ஓடுகிறான். எட்டுப் பேரும் ஏற்கெனவே வரிசையில் நிற்கிறார்கள். கேரிக் பக்கத்தில் ஒருத்தன் இடுப்பில் கை வைத்துக் குனிந்து இரைக்கிறான். இன்னொருத்தன் இன்னும் தரையில் முழங்காலில். மூன்றாமவன் எங்கே நிற்பது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறான். அவர்கள் கோச் அவர்களைப் பெயர் சொல்லி அழைத்துக் கதறுகிறார்.

ஒன்பதில் பந்து கிளம்பியது. கோல்பி வீசுகிற மாதிரி கையை ஓங்கினான், வீசவில்லை. வெண்டெல் முன்னால் போனான். எதிரே வந்தவனைத் தூக்கிக்கொண்டே போனான் என்றுதான் சொல்ல வேண்டும். அவன் முதுகுக்குப் பின்னால், கதவுக்குப் பின்னால் வருகிற மாதிரி, கோல்பி பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடந்து கோட்டைத் தாண்டினான்.

நாலு நொடி மிச்சம். வெசலி முப்பத்தாறு. அந்த நாலு நொடியில் கேரிக்கால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஊர் படிக்கட்டை விட்டு இறங்கி மைதானத்துக்குள் ஓடியது. யாரோ ஜனெலைக் கட்டிப்பிடித்தார்கள், யார் என்றுகூட அவள் பார்க்கவில்லை. முழங்கையால் இடித்து வழி பண்ணிக்கொண்டு நேரே ஓர்வலிடம் போனாள்.

"வாயைத் திற."

"என்ன?"

"வாயைத் திறடா!"

திறந்தான். நாக்கின் மேல், உருண்டையாக, நைந்துபோன மஞ்சள் காகிதம். ரெண்டாவது மிட்டாயின் உறை.

"எதையாவது மெல்லணும் போல இருந்துது" என்றான் வெட்கத்தோடு. "மூணாவதைத் தொட்டுடக் கூடாதுன்னு இதை வாயில போட்டுக்கிட்டேன்."

"மூணாவது?"

இடது பாக்கெட்டில் கை விட்டு எடுத்தான். மடிப்புக் கலையாத மஞ்சள் உறை.

"ஊரே கத்துச்சேடா. எனக்கு உயிரே போயிடுச்சு. ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா கேரிக் பசங்களுக்கு மூச்சு வாங்க நேரம் கிடைச்சிருக்கும். நம்ம பசங்களுக்கு அது வேண்டாம். அவனுங்க செவ்வாய்க்கிழமைப் பசங்க."

போன வருஷம் கேட்காமல் விட்டதும் ஒரு டைம் அவுட்தான், இந்த வருஷம் கேட்காமல் விட்டதும் ஒன்றுதான். வெளியிலிருந்து பார்த்தால் ரெண்டும் ஒன்று. பதறாத காரியம் சிதறாது என்று சும்மாவா சொன்னார்கள்? ஜனெல் அவன் சட்டையை ரெண்டு கையாலும் பற்றிக்கொண்டு, ஊர் முழுக்கப் பார்க்க, விம்மி விம்மி அழுதாள். இவ்வளவு பெருமையை அவள் உடம்பு இதற்குமுன் தாங்கியதில்லை.

*

திங்கட்கிழமை காலை ஆறரை. சாப்பாட்டுக் கடையில் அறுபது பேர். சுவரோரமெல்லாம் ஆள். ஜனெல் ஊறுகாய் ஜாடியோடு வந்து, வாசலிலேயே மைலோ முன்னால் நீட்டினாள்.

"உன்னுது நாலு. எண்ணி எடுத்துக்க."

"அஞ்சு" என்றான் மைலோ தலையைச் சொறிந்துகொண்டே. "பாதிரியார் வெச்சது நான் குடுத்தனுப்பினது."

சிரிப்பு அடங்கியதும் ஓர்வல் வழக்கமான இடத்தில் போய் நின்றான். கழுத்தில் விசில். கை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டான். ஜெயித்த கோச்சும் நிற்கத்தான் வேண்டும்.

லெனர்ட் குசேரா தொண்டையைக் கனைத்தார். காபிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். போன வருஷம் பேசின அதே குரல்.

"பாக்கி ஒண்ணு இருந்துது. உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்" என்றான் ஓர்வல்.

பாக்கெட்டிலிருந்து அந்த மஞ்சள் மிட்டாயை எடுத்து, விசில் வைப்பேன் என்று சொன்ன அந்த மேஜை மேல் வைத்தான்.

லெனர்ட் அதைப் பார்த்தார். கோணல் மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். அப்புறம் எழுந்தார். திங்கட்கிழமை அந்தக் கடையில் கமிட்டித் தலைவர் எழுந்து நின்று யாரும் பார்த்ததில்லை. தன் நாற்காலியை இழுத்து, சத்தம் வர இழுத்து, ஓர்வல் முன்னால் போட்டார்.

"உக்காருய்யா" என்றார்.

ஓர்வல் ஜனெலைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். அவன் உட்கார்ந்தான். மைலோ எழுந்தான், அப்புறம் பாதிரியார், அப்புறம் ஒவ்வொருத்தராகக் கடை முழுக்க எழுந்து நின்றது.